உள்பக்கம் கைப்பிடி இல்லாத விமானம்

கண்ணாடி மூடியைச் சாத்திவிட்டு பாஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

அப்போதுதான் மூடியின் உள்பக்கத்தில் கைப்பிடியே இல்லை என்பது கண்ணில் பட்டது.

பூட்டு எனக்குப் பழக்கமானதுதான். மீன் லாரிப் பெட்டிகளுக்கு நாங்கள் வழக்கமாகப் போடுவது. வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். இதுவரை எந்த மீனும் குறை சொன்னதில்லை.

தம்போய் என்ற ஊரில் லாரிக்குப் பெட்டி கட்டும் பட்டறை எங்களுடையது. போன வருடம் வாசல் பலகையில் 'ஏரோஸ்பேஸ்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்கள். கப்பலில் இறங்கும் போர் விமானத்தை உள்நாட்டிலேயே உருவாக்கிக் கடற்படைக்குக் கொடுத்துவிடுவது என்று பாஸ் சுகுமாறன் முடிவெடுத்துவிட்டார். கடற்படை கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் வாய் சும்மா இல்லாமல், விமானம் இறங்கும் அளவுக்கு நம் நாட்டில் கப்பலே இல்லையே பாஸ் என்றேன்.

"முதல்ல தாலியச் செஞ்சி வச்சிருவோம் இன்பராணி. மாப்பிள்ள தானா வருவான் லா."

இன்று தாலியைக் காட்டும் நாள். முழு அளவு மாதிரி விமானம் பட்டறை முற்றத்தில் நின்றது. முற்றத்துக்குச் சாம்பல் நிறம் அடித்துக் கப்பல் தளமாக்கியிருந்தார்கள். ஓரத்துச் சாக்கடைதான் கடல். பணம் போடப்போகிறவர் டான்ஸ்ரீ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்; கூடாரத்துக்குள் மின்விசிறிகளுக்கு நடுவில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார்.

விமானியாக நடிக்க வந்தவர் ரூபேந்திரன், ஜிம்முக்குப் போகிற ஆணழகர். அவர் தோள் உள்ளே நுழையவில்லை. ஃபைபர் அச்சை அளவு பார்க்காமல் வார்த்திருந்தார்கள். பட்டறையிலேயே குள்ளமான ஆள் நான்தான் என்பதால், கணக்கு மேசையிலிருந்து என்னை எழுப்பி, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்குச் சாம்பல் நிறம் பூசி என் தலையில் கவிழ்த்தார்கள்.

டான்ஸ்ரீ கிளம்பும்வரை வெளியே வரக்கூடாது, ஒழுங்காக உட்கார்ந்தால் வேலை நிரந்தரம் என்றார் பாஸ். வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் இழுபடுகிறவளிடம் இப்படிச் சொன்னால், விமானம் என்ன, மீன் பெட்டிக்குள்ளேயே உட்காருவாள்.

பேச்சு தொடங்கியது. ஒலிபெருக்கிச் சத்தம் கண்ணாடிக்குள் மந்தமாகக் கேட்டது. மடங்கும் இறக்கையைப் பற்றிப் பாஸ் நிறைய பேசினார். கப்பலில் இடத்தை அடைக்காமல் இருக்கத்தான் மடக்கியிருக்கிறோம் என்றார். உண்மையில் பட்டறைக் கதவுக்குள் நுழையாததால் மடக்கினோம்.

வெயில் ஏறியது. கண்ணாடி கொதித்தது. காற்று வர ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மூச்சு இழுக்க இழுக்கப் பற்றவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

கையை ஆட்டினேன். கூட்டமும் கையை ஆட்டியது.

கண்ணாடியைத் தட்டினேன். கைதட்டினார்கள்.

இரண்டு கையாலும் குத்தினேன். டான்ஸ்ரீ எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

ஹெல்மெட்டின் முகமறைப்பைத் தூக்கிவிட்டு, பாஸைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தியமாகப் புரிந்தது. என்னை ஒரு கணம் நேராகப் பார்த்தார். பிறகு கையிலிருந்த உரையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், மாதாவே, உயிர் இருந்தால் போதும் என்று திரும்பி, இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையை உதைத்தேன். ஒட்டுப்பலகைதான். இரண்டாவது உதையில் பெயர்ந்து விழுந்தது.

காற்று வந்தது. இயந்திரம் இருக்க வேண்டிய இடம் குகை மாதிரி வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கோடியில் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. இயந்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பாஸின் கஞ்சத்தனத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாக நன்றி சொன்னேன்.

ஊர்ந்துபோய், நெருப்பு கக்க வேண்டிய ஓட்டை வழியாகத் தலையை நீட்டினேன். கீழே குதித்தபோது கால்சட்டை மாட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினேன். கப்பலில் இறங்கும் விமானத்தைக் கயிற்றில் பிடித்து நிறுத்துவதற்கென்று வாலுக்கடியில் ஒரு கொக்கி வைத்திருந்தோம். சொன்ன வேலையைச் செய்தது அந்தக் கொக்கி ஒன்றுதான்.

கால்சட்டை கிழிந்து தளத்தில் விழுந்தேன். கூடாரமே எழுந்து நின்று பார்த்தது. போர் விமானம் ஒன்று விமானியைப் பின்பக்கமாகப் பெற்றுப்போட்டதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள். என் வேலையும், பட்டறையும், தாலியும் மாப்பிள்ளையும் ஒரேயடியாகப் போய்விட்டன என்று நினைத்தேன்.

பாஸ் ஒலிவாங்கியை இறுகப் பிடித்தார். ஆபத்து நேரத்தில் விமானி பின்வழியாகத் தப்பிக்கும் எங்கள் புதிய ஏற்பாட்டைச் சற்றுமுன் கண்டீர்கள் என்றார்.

அமெரிக்காக்காரனிடமாவது இது உண்டா என்று டான்ஸ்ரீ கேட்டார். இல்லை என்றார் பாஸ். பொய்யில்லை.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. டான்ஸ்ரீ இளநீரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைக் குலுக்கினார்.

பணம் வந்துவிட்டது. சொன்ன வாக்கைப் பாஸ் காப்பாற்றினார். என் வேலை நிரந்தரம். கணக்கு மேசைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். பட்டறையில் எல்லாரும் என்னைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது மாதிரி தயாராகிறது. இந்த முறை கோலாலம்பூரில், இன்னும் பெரிய ஆட்கள் முன்னால். இயந்திரம் இன்னும் வரவில்லை. பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்கு வெறுமை தெரிகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இன்று காலை உள்ளே உட்கார்ந்து அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது, வால் பக்கம் துளை போடும் சத்தம் கேட்டது.

என்ன வேலை நடக்கிறது என்று வெல்டர் காளிதாஸைக் கேட்டேன்.

"பின்னாலயும் ஒரு கதவு போடச் சொல்லிட்டாரு பாஸ். கவலப்படாதீங்க கேப்டன், நல்ல பூட்டுதான். மீன் லாரிக்கு வாங்குனது மிச்சம் இருக்கு."