கைப்பட்டை சொன்ன தீர்ப்பு

ஜனாதிபதியின் ஐந்தாண்டு ஆட்சியை மக்கள் அணிந்த, நாடி அளக்கும் கைப்பட்டைகளே மதிப்பிட்டன. அவர் உரையைக் கேட்கும்போது நாடித்துடிப்பு எகிறினால் எதிர்ப்பு, அடங்கினால் திருப்தி. எதிர்ப்பு கூடிப் பங்குச்சந்தை சரியக் கூடாதென்று முதலாளிகள் தொழிலாளர்களுக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். எதிர்க்கட்சியோ தன் ஆட்களைப் பிரஷர் குளிசையை, அதாவது இரத்த அழுத்த மாத்திரையை, நிறுத்தச் சொன்னது.

"இஞ்சேருங்கோ, குளிசையைப் போடுங்கோ," என்று கெஞ்சினாள் தவமலர்.

"விசர்க்கதை கதையாதை. என்ரை எதிர்ப்பை இண்டைக்குப் பார்," என்றார் கணவர் குலவீரசிங்கம்.

தொலைக்காட்சியில் ஜனாதிபதி வழக்கம்போலத் தன்னையே புகழ்ந்துகொண்டிருந்தார். பத்தாவது நிமிடம் குலவீரசிங்கம் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார்.

ஓடிவந்த எதிர்க்கட்சிக் கிளைத் தலைவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பட்டையைத்தான் பார்த்தார். துடிப்பு பூச்சியம். கீழே 'முழுத் திருப்தி' என்று பச்சையில் எரிந்தது.

"மூச்சு நிக்கிறதுக்கு முதல் இதைக் கழட்டியிருக்கலாமே, அக்கா," என்று தவமலரைக் கடிந்துகொண்டார்.