இறக்கைக்கு ஒரு பட்டு

வெள்ளைக்காரனின் ஆகாய விமானம் ரயிலடியிலிருந்து மைதானத்துக்குத் துண்டு துண்டாக மாட்டுவண்டிகளில் வந்தது. அதில் முதல் ஆளாக ஏறிப் பறக்கப்போவது தாமே என்று ஊரெல்லாம் தமுக்கடிக்கச் சொல்லியிருந்த ஜமீன்தார் விஜயரங்கத் துரை, அச்சு முறியாதா, வண்டி குடைசாயாதா என்று குலதெய்வத்தை வேண்டியபடியே குதிரையில் பின்னால் வந்தார். முகத்தில் மட்டும் வீரம் வழிந்தது. ஒரு வண்டியும் சாயவில்லை. ஆனால் விமானத்தைப் பூட்டி நிறுத்தி, வரவேற்புப் பத்திரம் வாசித்து முடிப்பதற்குள், இறக்கைத் துணியில் பூசியிருந்த கஞ்சி வாசனைக்கு வந்த ஒரு செவலைக் காளை அதில் தாம்பாளம் அகலத்துக்குத் தின்றுவிட்டது. “அடடா, போச்சே,” என்று ஜமீன்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஜனங்களுக்குக் கொடுத்துவைக்கலை. கலைஞ்சு போகச் சொல்லுங்க.” விமானி ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, நெருக்கமாக நெய்த துணி ஒரு முழம் கிடைத்தால் போதும் என்றான். அவரவர் தத்தம் வேட்டியை இறுக்கிக்கொண்டார்கள். காரியஸ்தர் சபாபதிப் பிள்ளைதான் பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்தார். “எஜமான் தோள்ல பட்டு இருக்கையில யோசனை எதுக்கு?” காரியஸ்தரே அதை உருவி எடுத்துக் கொடுத்தார். வண்டிக்காரன் கோணி ஊசியால் தைத்தான். ஜனம் கை தட்டியது. “ஏறுங்க எஜமான்,” என்று காரியஸ்தர் குனிந்து தம் முதுகையே படியாகக் கொடுத்தார். ஜமீன்தாரின் கண் காளையைத் தேடியது. அது நிதானமாக வந்து பட்டை மோந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.