கனமான அம்பு

சத்தியவேடு காட்டோரத்தில் வெயில் சாய்கிறது. வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பாவு இரண்டு அம்புகளைக் கையில் மாற்றி மாற்றிக் கனம் பார்க்கிறான். எதிரில் மனைவி கிருஷ்ணம்மா. போன வாரம் அவன் விட்ட நாணல் அம்பு காட்டுப்பன்றியின் தோளில் பட்டு வழுக்கிவிட்டது. திரும்பிப் பாய்ந்த பன்றி, கூட நின்ற அவள் தம்பி ரங்கையாவின் தொடையைக் கிழித்தது. உள்ளே படுத்து அவன் முனகுவது கேட்கிறது. ஊர் ஆந்திராவா மதராஸா என்று முடிவாகும்வரை துப்பாக்கி லைசென்ஸ் வராது என்கிறார்கள். பன்றிகள் தோண்டித் தின்னும் வேர்க்கடலைக் கொல்லையோ அறுவடைக்கு நிற்கிறது.

அப்பாவு நாணலை ஒதுக்கிவிட்டுக் கெட்டி மூங்கில் அம்பை எடுக்கிறான். அதன் நுனியில் மாவிலை அகலத்துக்கு இரும்பு அலகு. கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுக்கிறான்; நகச்சீவல் சுருண்டு விழுகிறது.

"இது எலும்ப ஒடச்சிக்கினு உள்ள பூடும்," என்கிறான்.

"இவ்ளோ கனமா கீதே, தூரம் போவுமா?" என்கிறாள் கிருஷ்ணம்மா.

"போவாது. பதினஞ்சு அடி கிட்டப் போயிதான் உடணும்."

அவள் எழுந்து, அவனிடமிருந்து பதினைந்து அடி எண்ணி நடக்கிறாள். நின்று திரும்பிப் பார்க்கிறாள். அங்கிருந்து அவன் மேலுதட்டில் பூத்திருக்கும் வியர்வைகூடத் தெரிகிறது.