பத்துக்கு ஒரு சொட்டு

இதை முதலில் எனக்குச் சொன்னவள் என் சின்ன மகள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, சாமியார் மேல புகார் எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்தச் சாமியார்டி?"

"ஐயோ, நிஜச் சாமியார் இல்லம்மா. எங்க ஆய்வுக்கூடத்துல பாட்டில் கழுவுற பெரியவர். எப்பப் பாரு வாய்க்குள்ள ஏதாவது முணுமுணுப்பார். அதனால அந்தப் பேரு."

அவள் வேலை கொஞ்சம் விசித்திரமானது. கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள் மேல், சிலிக்கா என்று மணலில் இருக்கிற சரக்கைக் கண்ணாடித் தோல் மாதிரிப் போர்த்த வேண்டும். ஒரு துளி ரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்க அந்த உருண்டைகள் உதவுமாம். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

சிலிக்கா திரவத்தைப் பத்து விநாடிக்கு ஒரு சொட்டாக, ஐந்து மணி நேரம் விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் உருண்டைகள் ஒட்டிக் கட்டி தட்டிவிடும். சொட்டு விடுவதற்கென்றே ஒரு பம்ப் இருக்கிறது.

இந்த முறை சரியாக வந்தால்தான் அவள் வேலை நிரந்தரம். அதற்காக நானும் ஒரு மாதமாய்க் காலையும் மாலையும் ஜபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"வியாழக்கிழமை பம்பைப் போட்டுட்டு மீட்டிங்குக்கு ஓடினேம்மா. நடுவுல வந்து கதவுகிட்ட நின்னு பார்த்தா, மனுஷன் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, சுவரோர மேஜைகிட்ட ஸ்டூல்ல உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டி முணுமுணுக்கிறார். தொட்டி நிறைய பாட்டில் அப்படியே கிடக்கு. மூணு தடவை கூப்பிட்டேன். திரும்பலை. 'இரு'ன்னு ஒரு கையை மட்டும் காட்டினார். எவ்வளவு திமிர்! மூணு மணிக்கு வந்தாலும் அதே ஸ்டூல், அதே முணுமுணுப்பு."

"அது கிடக்கட்டும். உன் உருண்டை என்னாச்சு?"

"அருமையா வந்திருக்கும்மா. ஒண்ணுகூட ஒட்டலை!"

"சாமி கண்ணைத் திறந்துட்டார். அந்த ஆளைப் பத்தி நீ எழுதினதும் சரிதான். ஜபம்னா வீட்டோட வெச்சுக்கணும். சம்பளம் வாங்குற இடத்துலயா?" என்றேன் நான்.

மகளுக்கு வேலை நிரந்தரமானது. பெரியவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள், அட்டைப்பெட்டி அடுக்க. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த சரக்குக்காக மகள் பம்பை எடுத்திருக்கிறாள். ஓடவில்லை. குழாயைக் கழற்றினால், உள்ளே திரவம் கண்ணாடியாய் இறுகி அடைத்துக் கிடக்கிறது. வேலை முடிந்ததும் கழுவி வைக்காவிட்டால் அப்படித்தான் ஆகுமாம். அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை, ஒத்திகை பார்த்துவிட்டு, கழுவ மறந்து வீட்டுக்கு வந்தவள் இவளேதான்.

பம்புக்கு அடியில் வடிகட்டும் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அதில் அந்த வியாழக்கிழமையின் தேதி. அதன் கீழே ஐந்தைந்தாய்ப் பென்சில் கோடுகள். எண்ணினால் ஆயிரத்து எண்ணூறு. ஐந்து மணி நேரத்துக்கு எத்தனை சொட்டோ, அத்தனை.

கிடங்குக்கு ஓடினாள்.

"ஐயா, அன்னிக்குப் பம்ப் ஓடவே இல்லையா?"

"எங்கம்மா ஓடிச்சு? கலக்க ஆரம்பிச்சதைப் பாதியில விட்டா அத்தனையும் பாழ்னு நீதானே சொல்லுவே. அதான் கையாலயே விட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, குழாயைக் கழுவாம வெச்சது யாருன்னு கேட்பாங்க. உன் வேலை அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருந்த நேரம்."

"நான் கூப்பிட்டப்பவாவது திரும்பியிருக்கலாமே ஐயா..."

பெரியவர் சிரித்தாராம். "எப்படிம்மா திரும்புறது? மூணு தடவையும் நான் ஏழு எண்ணும்போதே கூப்பிட்டியே!"

மறுநாளே மகள் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தாள். திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. பெரியவரும் பழைய ஸ்டூலுக்கு வந்துவிட்டார்.

நான்தான் அன்றிலிருந்து ஜபத்தில் உட்காரவே கூசுகிறேன். ஒரு மாதம் பண்ணினேனே, அதில் எத்தனை தடவை என் மனசு அடுப்புக்கும் வாசலுக்கும் ஓடியிருக்கும்! என் மகளுக்காக அந்த மனுஷர் எண்ணியதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

உங்களிடம் சின்னதாய் ஒன்று கேட்கிறேன். யாராவது கூப்பிட்டும் திரும்பாவிட்டால், கோபப்படாமல் பத்து எண்ணிவிட்டு இன்னொரு தரம் கூப்பிடுங்கள்.