பிக்கப்புக்கு ஒரு மூடி

நான்காவது மூடியையும் அந்த மனிதர் வேண்டாம் என்றபோது விற்பனையாளருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

ஆனாலும் சிரித்தார். சிரிப்பதற்குத்தான் சம்பளம்.

இருபது வருடம் வெல்டிங் பட்டறையில் நெருப்போடு மல்லுக்கட்டியவர். பட்டறையை இழுத்து மூடிய பிறகு, நாற்பத்தெட்டு வயதில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, வண்டிச் சாமான் விற்கும் இந்தக் கடையில் நிற்கிறார்.

மூன்று மாதம் பார்க்கலாம் என்றுதான் முதலாளி சேர்த்துக்கொண்டார்; இன்றோடு அது முடிகிறது. பிக்கப் வண்டியின் திறந்த பின்பெட்டிக்குப் போடுகிற மூடி ஒன்றுகூட இந்த மாதம் நகரவில்லை. "இன்னிக்கு ஒண்ணாவது தள்ளுங்க. இல்லேன்னா நாளைக்கு நாம ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியிருக்காது" என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

கடை மூட இன்னும் அரைமணி நேரம். கடையில் இருக்கிற ஒரே வாடிக்கையாளர் இந்த மனிதர்தான்.

வாசலில் அவருடைய வெள்ளை பிக்கப் நின்றது. முன் இருக்கையில் அவர் மனைவி, இறங்கவே போவதில்லை என்று சபதம் போட்டவர் போல.

முதலில் காட்டியது சுருட்டுகிற ரெக்சின் மூடி.

"இதை எப்படித் திறக்கணும்?" என்று கேட்டார் அந்த மனிதர்.

விற்பனையாளருக்குத் தெம்பு வந்தது. திறப்பதைப் பற்றிக் கேட்கிறவர் வாங்காமல் போவதில்லை. "ரெண்டே கொக்கி சார். பாய் மாதிரி சுருட்டிவிட்டுடலாம்."

"வேண்டாம்."

சுருட்டுவதற்குச் சோம்பல் போலிருக்கிறது என்று நினைத்து, மூன்றாக மடிவதைக் காட்டினார். அதற்கும் அதே கேள்வி, அதே பதில். அடுத்து, ஷட்டர் போல உள்ளே ஓடிவிடுகிற அலுமினிய மூடி.

"ஒத்தை விரல் போதும் சார். உங்க வீட்டுக் குழந்தைகூடத் திறந்துடும்."

அவர் அந்த மூடியை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

நான்காவது, பொத்தானை அமுக்கினால் தானே திறப்பது. கடையிலேயே அதற்கு மேல் ஒன்று கிடையாது. அதை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

விற்பனையாளர் மனதுக்குள் ஒரு நல்ல வார்த்தையும் மூன்று கெட்ட வார்த்தையும் சொல்லிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மூலையில் தூசி படிந்து கிடந்த பைபர் மூடி. ஒரே பலகை. யானைக் கனம். "இது திறக்கக் கொஞ்சம் மல்லாடணும் சார்" என்று அலுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அந்த மனிதர் முதல்முறையாகக் கிட்டே வந்தார். தட்டிப் பார்த்தார்.

"பூட்டு இருக்கா?"

"இருக்கு சார். ரெண்டு சாவி தருவோம்."

"சாவி வேண்டாம். யாரும் திறக்க முடியாம பண்ண முடியுமா?"

"திறக்கவே முடியாத மூடியா? அதுக்கு எதுக்கு சார் பிக்கப்? வித்துட்டு ஒரு காரை வாங்கிக்கிட்டுப் போகலாமே!"

வாய் முந்திக்கொண்டது. கண்ணாடி அறைக்குள் முதலாளியின் தலை நிமிர்ந்தது.

போச்சு, எல்லாம் போச்சு. எதையாவது செய்து சமாளிக்க வேண்டுமே என்று, "அளவு பார்த்துடறேன் சார்" எனச் சொல்லி டேப்போடு வாசலுக்கு ஓடினார். பின்கதவைத் திறந்து, ஒரே எட்டில் வண்டியின் பின்பெட்டிக்குள் ஏறி நின்றார்.

முன்கதவு படாரென்று திறந்தது.

"இறங்குங்க!"

அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் டேப் கையிலிருந்து நழுவியது. பிறகு அவர் குரல் தணிந்தது. "வண்டி நின்னுட்டுத்தான் இருக்கு. இருந்தாலும் வேண்டாம். இறங்கிடுங்கண்ணா."

விற்பனையாளர் இறங்கினார்.

கணவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"மேட்ச் முடிஞ்சு ஏழு பசங்களைப் பின்னாடி ஏத்திக்கிட்டு வந்தேன். ஜெயிச்ச குஷியில ஒரே கூச்சல். வீட்டு வாசல்ல ஆறு பேர் இறங்கினாங்க. எங்க பையன் இறங்கலை. எந்தத் திருப்பத்துல விழுந்தான்னு யாருமே கவனிக்கலை."

தெருவில் ஒரு வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு போனது.

"விக்கத்தான் பார்த்தோம்" என்றார் அந்த அம்மாள். "ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேருமே, பின்னாடி பத்துப் பசங்க உக்காரலாம் போலிருக்கேன்னு சொன்னாங்க."

விற்பனையாளர் உள்ளே போய் பைபர் மூடியின் ஒரு முனையைப் பிடித்தார். கணவர் மறுமுனையைப் பிடித்தார். வண்டியின் மேல் அதை ஏற்றி உட்கார வைத்த பிறகு, விற்பனையாளர் ட்ரில்லையும், அடித்தால் கழற்ற முடியாத ரிவெட் ஆணிக்கான கருவியையும் எடுத்துவந்தார்.

முதலாளி ஓடிவந்தார். "என்னய்யா பண்றீங்க? மூடியில ஓட்டை போட்டா வாரன்டி போச்சு. கம்பெனிக்காரன் என் கழுத்தைப் பிடிப்பான். கையை வச்சீங்கன்னா இதோட கிளம்பிடுங்க!"

விற்பனையாளர் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஓட்டையைப் போட்டார்.

இரண்டு பக்கமும் வரிசையாக அடித்து முடித்தார். பின்கதவையும் சாத்தி அடித்துவிட அதை ஏற்றப் போனபோது, "ஒரு நிமிஷம்" என்றார் அந்த அம்மாள்.

குனிந்து, இருட்டிவிட்ட பெட்டிக்குள் கடைசி மூலை வரைக்கும் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம், திரும்பவும் ஒருமுறை.

"யாரும் இல்லை" என்றார். "அடிங்கண்ணா."