கவராயத்தின் கால்கள்

சாப்பாட்டு மேசை முழுக்கக் கடல் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுருண்டுகொள்ளப் பார்க்கும் மூலைகளை உப்பு ஜாடியும் மூக்குக்கண்ணாடிக் கூடும் அவள் கணவரின் மாத்திரை டப்பாவும் அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஜன்னல் வெயில் நீலத்தின் மேல் மட்டும் விழுகிறது. கரை நிழலில் இருக்கிறது. நெஞ்சைத் திறந்து தைத்த பிறகு அவர் பாய்மரப் படகெடுக்கும் முதல் விடுமுறை இது. ஒரு பகலில் ஓடக்கூடிய தூரத்துக்குக் கவராயத்தை விரித்து, ஒரு காலைத் தங்கள் ஊர்த் துறையில் ஊன்றுகிறார். மறுகால், கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைத் தாண்டி ஒரு குடாவில் போய் நிற்கிறது. "முதல் ராத்திரி இங்கதான்." "அங்க ஈ காக்கா இருக்காதுங்க," என்கிறாள் அவள். "அதுக்குத்தானே போறோம்!" கெட்டில் கூவ, எழுந்து போகிறார். அவள் கவராயத்தை எடுக்கிறாள். இரும்பு இன்னும் அவர் விரல்சூட்டில் இருக்கிறது. கால்களைக் கொஞ்சமே கொஞ்சம் நெருக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்க்கிறாள். இரண்டு கோப்பைகளோடு வந்தவர் மறுபடி அளக்கிறார். மறுகால் நிலமுனைக்கு இந்தப் பக்கமே, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் குத்தி நிற்கிறது. கவராயத்தைப் பார்க்கிறார். மாத்திரை டப்பாவின் மூடியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அவள் விரலைப் பார்க்கிறார். "அடேயப்பா, டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள கரை நீண்டுபோச்சே!" அவள் நிமிரவில்லை. குடாவின் மேல் அவர் பார்வை சற்று நேரம் தங்குகிறது. பிறகு கவராயத்தை அவள் பக்கம் மெல்லத் தள்ளுகிறார். "மிச்சத்தையும் நீயே அள."