நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய்

ஒண்டிக்கடை ஊர் டாக்டரிடம் தன் காய்ச்சலைச் சொல்லாமல் புருஷனைப் பற்றியே பொரிந்து தள்ளினாள் தெரசம்மாள்.

“நாலு வாய் மென்னதும் தட்டைத் தள்ளிடறாருங்க. தலைக்கு எண்ணெய் தேய்ச்சா கையைத் தட்டி விடறாரு. முப்பது வருசம் ஆக்கிப் போட்ட எம்மேல அத்தனை வெறுப்புங்க.”

வெளியே நின்ற கணவர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தேவசிகாமணியை டாக்டர் உள்ளே அழைத்தார். டாக்டர் நெற்றிப்பொட்டைத் தொட்டதும் அவர் வலியில் துடித்தார். அங்கே ரத்தக்குழாய் கயிறுபோலத் தடித்திருந்தது.

“வெறுப்பு இல்லம்மா. இந்தக் குழாய் வீங்கியிருக்கு. மென்னாலும் வலிக்கும், தலையைத் தொட்டாலும் வலிக்கும். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலைன்னா கண் பார்வை போயிடும்.”

தெரசம்மாள் கணவர் பக்கம் திரும்பிச் சீறினாள். “வலிக்குதுன்னு வாயைத் தொறந்து சொல்லக் கூடாதுங்களா?”

தேவசிகாமணி தலைகுனிந்தார்.

“இடது கண்ணு போன வாரமே போயிருச்சு. சொன்னா நீ அழுவே. அதுக்கு நீ திட்டறதே தேவலைன்னு இருந்துட்டேன்.”